சின்னப் பெட்டியில் பெரிய மேளம்



சபாவில் உட்கார்ந்து கச்சேரி கேட்கும்போது மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழும் 'தொம்' என்ற ஒலி காதில் மட்டுமல்ல, நெஞ்சிலும் வந்து படுகிறது. அதே கச்சேரியை வீட்டில் ஒரு கையகல ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். பாட்டு தெளிவாக இருக்கும். வயலின் இனிமையாக இருக்கும். மிருதங்கம் மட்டும் அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கும். அந்தத் 'தொம்' எங்கே போயிற்று?

கடைக்காரரிடம் கேட்டால், "பேஸ் வேண்டுமா தம்பி? இதோ, ஆயிரம் வாட் பெட்டி!" என்று ஒன்றை எடுத்து வைப்பார். பெரிய பெட்டியாக வாங்கலாம் என்றால் வீட்டில் இடம் வேண்டுமே! பத்தடிக்குப் பத்தடி அறையில் கட்டில், மேசை, பீரோ போக மிஞ்சுவது எவ்வளவு?

சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலியைப் பெற முடியுமா? முடியும். ஆனால் இயற்கை அதற்கு ஒரு விலை கேட்கிறது. அந்த விலை என்ன, அதை எப்படிக் கொடுப்பது என்று தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டோம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியையும் இன்னும் நன்றாக ஒலிக்கச் செய்யலாம்.

தாழ்சுருதியின் அலை எவ்வளவு நீளம்?

கடையில் 'பேஸ்' என்று சொல்வதை நாம் தாழ்சுருதி ஒலி என்போம். நம் காதுக்கு எட்டும் ஒலிகளின் அதிர்வெண் ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. இவற்றில் அடியிலுள்ள 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியே தாழ்சுருதி. சினிமாப் பாடல்களில் வரும் பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பியானோவின் இடது ஓரக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ்.

அலைநீளத்தைக் கணக்கிடுவது எளிது. ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்று கொள்வோம். 3,400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 செ.மீ. தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 8.5 மீட்டர்! உங்கள் அறையில் அது முழுதாக அடங்காது. இந்த 8.5 மீட்டர் அலையைத்தான் 20 செ.மீ. பெட்டி ஒன்று உண்டாக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

கூம்பு எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?

இன்றைய ஒலிபெருக்கியின் அமைப்பு 1925-இல் உருவானது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாக்கும் அதை விளக்கினார்கள். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறும் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டிய காகிதக் கூம்பும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது.

இப்போது கையை விசிறிபோல் ஆட்டிப் பாருங்கள். மெதுவாக ஆட்டினால் காற்று பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. வேகமாக ஆட்டினால்தான் அதைத் தள்ளுவது தெரிகிறது. கூம்புக்கும் இதே கதிதான். அலைநீளத்தைவிடச் சிறிய கூம்பு உண்டாக்கும் ஒலியழுத்தம் கூம்பின் முடுக்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒலியழுத்தம் மாறாமல் அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால், கூம்பு 4 மடங்கு தூரம் ஓட வேண்டும். கால்பங்காக்கினால் 16 மடங்கு!

ஓர் எடுத்துக்காட்டு. திறந்த வெளியில், தரைமேல் வைத்த ஒலிபெருக்கியிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் ஒலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது நல்ல உரத்த ஒலி. கூம்பின் விட்டம் 10 செ.மீ. என்றால், 160 ஹெர்ட்ஸுக்கு அது முன்னும் பின்னும் அரை மி.மீ.க்குச் சற்றே அதிகமாக அசைந்தால் போதும். 40 ஹெர்ட்ஸுக்கோ முன்பக்கம் 9 மி.மீ., பின்பக்கம் 9 மி.மீ. ஓட வேண்டும். சாதாரணச் சிறு கூம்பு இவ்வளவு தூரம் ஓடாது. ஓட முயன்றால் ஒலி கரகரக்கும், சுருளும் அடிபடும். கூம்பின் விட்டத்தை 20 செ.மீ. ஆக்கினால் பரப்பு 4 மடங்காகிறது, 2 மி.மீ.க்குச் சற்று மேல் ஓடினாலே போதும்.

விலையின் முதல் தவணை இதுதான்: சிறிய கூம்பு அதிக தூரம் ஓட வேண்டும்.

பெட்டி எதற்கு?

செய்து பாருங்கள் (1): பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கி ஒன்றைப் பெட்டியில்லாமல் கையில் பிடித்துப் பாட்டைக் கேளுங்கள். பிறகு ஒரு பெரிய அட்டையின் நடுவில் கூம்பின் அளவுக்கு வட்டம் வெட்டி, அதன் பின்னால் ஒலிபெருக்கியை நெருக்கமாக வைத்துக் கேளுங்கள். தாழ்சுருதி திடீரென்று உயிர்பெறுவதைக் காண்பீர்கள்.

காரணம் என்ன? கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. அலைநீளம் பெரிதாக இருப்பதால் முன்பக்கத்து நெருக்கம் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் ஓடி, அங்குள்ள தளர்வை நிரப்பிவிடுகிறது. வரவும் செலவும் நேராகிக் கையில் ஒன்றும் மிஞ்சாத கதைதான். அட்டை அந்தக் குறுக்குவழியை மறிக்கிறது. பெட்டியோ பின்பக்க அலையை முழுவதும் சிறைப்பிடித்துவிடுகிறது.

ஆனால் சிறைப்பட்ட காற்று சும்மா இருப்பதில்லை.

காற்று ஒரு சுருள்வில்

செய்து பாருங்கள் (2): 20 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை ஊசியில்லாமல் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். தண்டை 20 என்ற கோடு வரை இழுத்து, முனையை விரலால் அடைத்து, 2 மில்லிலிட்டர் அளவு அழுத்துங்கள். எளிதில் அழுந்தும்; விட்டால் திரும்பி வரும். இனித் தண்டை 5 என்ற கோட்டில் வைத்து, முனையை அடைத்து, அதே 2 மில்லிலிட்டர் அழுத்துங்கள். எவ்வளவு கடினம்!

பாயில் விதிப்படி, முதல் முறை உள்ளிருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 11 சதவிகிதம்தான் கூடுகிறது. இரண்டாம் முறை 67 சதவிகிதம். ஆகவே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்; இடம் குறையக் குறைய அந்த வில் விறைப்பாகிறது.

ஒலிபெருக்கிக் கூம்பைத் தாங்கும் விளிம்பும் ஒரு வில்தான். கூம்பின் நிறையும் இந்த வில்லும் சேர்ந்து ஓர் ஊஞ்சல்போல் தமக்கென்று ஓர் இயல்பதிர்வெண்ணைக் கொண்டுள்ளன. பெட்டியில் பொருத்தியதும் காற்று வில்லும் சேர்ந்துகொள்கிறது. மொத்த விறைப்பு கூடுகிறது, இயல்பதிர்வெண் உயர்கிறது.

வெளியில் 30 ஹெர்ட்ஸ் இயல்பதிர்வெண் கொண்ட ஒலிபெருக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் விளிம்பின் விறைப்பு, 48 லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்போம். அதை 48 லிட்டர் பெட்டியில் வைத்தால் விறைப்பு 2 மடங்கு. இயல்பதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் அது 42 ஹெர்ட்ஸாகிறது. 16 லிட்டர் பெட்டியில் காற்று மட்டுமே விளிம்பைப்போல் 3 மடங்கு விறைப்பு. மொத்தம் 4 மடங்கு. ஆகவே 60 ஹெர்ட்ஸ். 6 லிட்டர் பெட்டியில் மொத்தம் 9 மடங்கு, 90 ஹெர்ட்ஸ். ஒலிபெருக்கி ஒன்றேதான், பெட்டிதான் மாறியது!

இயல்பதிர்வெண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது? அங்கே வில்லின் கை ஓங்குகிறது. ஒரு ஸ்தாயி கீழே போனால், அதாவது அதிர்வெண் பாதியானால், ஒலியழுத்தம் ஏறக்குறைய கால்பங்காகக் குறைகிறது. 60 ஹெர்ட்ஸ் பெட்டி 30 ஹெர்ட்ஸையும் முழு வலுவோடு தரவேண்டும் என்றால் 4 மடங்கு மின்னழுத்தம் வேண்டும். மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஏறக்குறைய 16 மடங்கு வாட்!

வில்ச்சூரின் யோசனை

1950-களின் தொடக்கம் வரை நல்ல தாழ்சுருதி வேண்டுவோர் அலமாரி அளவுப் பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு பற்றிப் பாடம் நடத்திவந்த எட்கர் வில்ச்சூர் இதைத் தலைகீழாக யோசித்தார். காற்று வில் விறைப்பாக இருக்கிறது என்று வருந்துவதேன்? விளிம்பு வில்லை மிகத் தளர்வாக்கிவிட்டு, காற்றையே முக்கிய வில்லாக வைத்துக்கொண்டால் என்ன?

இதில் இரண்டு லாபம். முதலாவது, விளிம்பு தளர்வாக இருப்பதால் தொடக்க இயல்பதிர்வெண் மிகத் தாழ்வாக இருக்கும். பெட்டிக் காற்று அதை உயர்த்தினாலும் போதிய அளவு கீழேயே நிற்கும். இரண்டாவது, காகிதமும் துணியும் சிறிது தூரம் நீண்டதும் முரண்டு பிடிக்கும். காற்று அப்படியல்ல, சிறு அசைவுகளுக்கு அது ஒழுங்கான வில். ஆகவே ஒலி சிதைவது குறைகிறது. 1954-இல் வில்ச்சூர் தம் மாணவர் ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் 'அகூஸ்டிக் ரிசர்ச்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஏ.ஆர்.-1 என்ற பெட்டியை வெளியிட்டார். புத்தக அலமாரித் தட்டில் வைக்கும் பெட்டிகளின் வரிசை அதிலிருந்து பிறந்தது.

மூடிய பெட்டிக்குள் பஞ்சு திணிப்பதும் பயன் தரும். காற்று அழுந்தும்போது சூடாகிறது. அந்தச் சூடு அதை மேலும் விறைப்பாக்குகிறது. பஞ்சு இழைகள் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டால் வில் சற்றுத் தளரும். பெட்டி பெரிதானதுபோல் இருக்கும். ஏட்டுக் கணக்கில் 40 சதவிகிதம் வரை; நடைமுறையில் அதைவிடக் குறைவுதான்.

ஹாஃப்மனின் இரும்பு விதி

அப்படியானால் விலை கொடுக்காமல் தப்பித்துவிட்டோமா? இல்லை. சிறிய பெட்டியில் இயல்பதிர்வெண்ணைக் கீழே கொண்டுவர, கூம்பின் நிறையைக் கூட்ட வேண்டும். கனமான கூம்பை அதே விசையால் தள்ளினால் முடுக்கம் குறைகிறது, ஒலியும் குறைகிறது. காலி வண்டியைத் தள்ளுவதற்கும் மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

இதை ஒரே விதியில் அடக்கியவர் ஆன்டன் ஹாஃப்மன். இவர் புகழ்பெற்ற பியானோக் கலைஞர் யோசப் ஹாஃப்மனின் மகன். 1957-இல் தொடங்கிய கே.எல்.எச். நிறுவனத்தின் பெயரிலுள்ள 'எச்' இவரைக் குறிப்பதே. விதி இதுதான்:

பயனுறுதிறன், பெட்டியின் கன அளவுக்கும், ஒலி இறங்கும் எல்லை அதிர்வெண்ணின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும்.

பெட்டியைப் பாதியாக்கினால் பயனுறுதிறன் பாதியாகும். எல்லை அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் பயனுறுதிறன் எட்டில் ஒரு பங்காகும். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த மின்திறன் என்ற மூன்றில் ஏதேனும் இரண்டைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இன்றைய சிறு பெட்டிகள் விட்டுக்கொடுப்பது மின்திறனை. வால்வு ஆம்ப்ளிபயர் காலத்தில் ஒவ்வொரு வாட்டும் விலை உயர்ந்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் அது மலிந்தது. இன்று நகத்தளவு சில்லு ஒன்றே பல வாட்டுகளைத் தருகிறது. சிறு பெட்டியில் மேளம் கேட்பது இதனால்தான் இயலுகிறது. ஆனால் வீட்டுச் சிறு பெட்டிகளில் உட்புகும் மின்திறனில் 1 சதவிகிதத்துக்கும் குறைவானதே ஒலியாகிறது. மற்றதெல்லாம் கம்பிச்சுருளில் வெப்பமாகிறது. அளவு மீறினால் சுருள் கருகிவிடும்.

பெட்டியில் ஒரு குழல்

சில பெட்டிகளில் ஒரு வட்டத் துளையும் உள்ளே ஒரு குழலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றோட்டத்துக்காக வைத்த ஜன்னல் அல்ல.

செய்து பாருங்கள் (3): வெறும் கண்ணாடிப் புட்டியின் வாயில் குறுக்காக ஊதுங்கள். 'பூம்' என்று ஒலிக்கும். பாதி தண்ணீர் ஊற்றி ஊதினால் சுருதி உயரும். கழுத்திலுள்ள காற்று ஒரு நிறை. வயிற்றிலுள்ள காற்று ஒரு வில். இரண்டும் சேர்ந்து ஒத்ததிர்வு உண்டாகிறது. இதை ஆராய்ந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி என்கிறோம்.

இதே தத்துவத்தை ஒலிபெருக்கிப் பெட்டியில் பயன்படுத்தி, பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்றார். ஒத்ததிர்வில் குழலிலுள்ள காற்று பெருவீச்சில் ஆடி ஒலியைத் தருகிறது. கூம்பு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. வீணாகச் சிறைப்பட்டிருந்த பின்பக்க அலைக்கு வேலை கிடைக்கிறது! எந்தக் கூம்புக்கு எந்தப் பெட்டி, எவ்வளவு நீளக் குழல் என்பது நெடுங்காலம் அனுபவத்தால் தேடிக்கொள்வதாகவே இருந்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் அதைத் திட்டமான கணக்காக மாற்றினார்கள்.

ஆனால் இங்கும் விலை உண்டு. 16 லிட்டர் பெட்டியை 45 ஹெர்ட்ஸில் ஒத்ததிரச் செய்ய, 5 செ.மீ. விட்டமுள்ள குழல் 14 செ.மீ. நீளம் இருந்தால் போதும். பெட்டியை 8 லிட்டராக்கினால் அதே குழல் 32 செ.மீ. நீளம் வேண்டும். 8 லிட்டர் என்பது 20 செ.மீ. கனசதுரம், 32 செ.மீ. குழலை அதற்குள் நேராக வைக்க இடமேது? குழலை ஒடுக்கினால் நீளம் குறையும். ஆனால் காற்று 'புஸ் புஸ்' என்று இரையும். அதனால்தான் மிகச் சிறிய புளூடூத் பெட்டிகளில் குழலுக்குப் பதிலாகக் காந்தமும் சுருளும் இல்லாத ஊமைக் கூம்பு ஒன்றைப் பொருத்துகிறார்கள். குழலிலுள்ள காற்றின் வேலையை அந்தக் கூம்பின் நிறை செய்கிறது. பாட்டு ஒலிக்கும்போது அது துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மற்றொன்று: ஒத்ததிர்வுக்குக் கீழே குழலும் கூம்பும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு ஸ்தாயி கீழே போனால் ஒலியழுத்தம் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். மூடிய பெட்டியில் அது கால்பங்கு என்பதை நினைவில் வையுங்கள். இது அடுத்த பகுதியில் உதவும்.

அறையும் ஒரு பெட்டிதான்

இதுவரை விலையைப் பற்றியே பேசினோம். இனி இலவசமாகக் கிடைப்பதைப் பார்ப்போம்.

தரையின் நடுவில் வைத்த பெட்டியின் தாழ்சுருதி நாலாபுறமும் பரவுகிறது. அதைச் சுவரோரம் வைத்தால் பரவும் இடம் பாதியாகிறது. மூலையில் வைத்தால் கால்பங்காகிறது. ஏட்டுக் கணக்கில், கூம்பின் அசைவு மாறாமலே மூலையில் ஒலியழுத்தம் 4 மடங்காகிறது. ஆம்ப்ளிபயரைக் கொண்டு இதைப் பெற 16 மடங்கு வாட் வேண்டும்! சுவரும் ஜன்னலும் கொஞ்சம் விழுங்கிவிடுவதால் முழுப் பயனும் கிடைக்காது. ஆனாலும் காதுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கிடைக்கும். மூலையில் ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. 8.5 மீட்டர் அலைக்கு ஓர் அடி இடைவெளி ஒரு பொருட்டே அல்ல.

இரண்டாவது, நிலை அலைகள். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அலை முன்னும் பின்னும் மோதி, அறையின் நீளம் அரை அலைநீளமாக இருக்கும்போது ஒத்ததிர்கிறது. பத்தடி என்பது ஏறக்குறைய 3.05 மீட்டர். ஆகவே அலைநீளம் 6.1 மீட்டர், அதிர்வெண் சுமார் 56 ஹெர்ட்ஸ். அறை பத்துக்குப் பத்து, கூரையும் பத்தடி உயரம் என்றால் மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ்! அந்த ஒரு சுருதி மட்டும் 'கும்' என்று மிகும். சுவரோரம் அது பலமாகவும், அறையின் நடுவில் பலவீனமாகவும் கேட்கும். பெட்டியைக் குறை சொல்வதற்குமுன் நாற்காலியை ஓர் அடி நகர்த்திப் பாருங்கள்.

மூன்றாவது, 56 ஹெர்ட்ஸுக்கு வெகு கீழே அறையில் அலை என்பதே இல்லை. அறைக் காற்று முழுவதும் சிரிஞ்சுக்குள் இருக்கும் காற்றுபோல் ஒன்றாக அழுந்தி ஒன்றாகத் தளர்கிறது. அறை சிறிதாக இருந்தால் அழுத்தம் எளிதில் ஏறும். கதவு ஜன்னல் அடைத்த அறையில் இந்த ஏற்றம், மூடிய பெட்டியின் இறக்கத்தை ஓரளவு ஈடுசெய்கிறது. காருக்குள் தாழ்சுருதி கனமாகக் கேட்பதும் இதனால்தான். சிறிய வீடு நமக்கு எதிரி அல்ல, தோழன்!

செய்து பாருங்கள் (4): நீங்கள் வழக்கமாக அமரும் நாற்காலியின்மேல் ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்து, தாழ்சுருதி நிறைந்த பாட்டு ஒன்றை மிதமாக ஒலிக்க விடுங்கள். பிறகு பெட்டி வைக்கக்கூடிய இடங்களிலெல்லாம் குனிந்து, காதைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுருதிகளும் சமமாகக் கேட்கின்றனவோ, அங்கே பெட்டியை வையுங்கள். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றினாலும் பலன் மாறாது என்ற ஒலியியல் உண்மையே இதற்கு அடிப்படை.

காது செய்யும் உதவியும் உபத்திரவமும்

1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் காதின் உணர்திறனை அளந்து வெளியிட்டார்கள். தாழ்சுருதியில் காது மிக மந்தம். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழத் தொடங்குவதற்கு, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் காட்டிலும் 250 மடங்குக்கும் அதிகமான அழுத்தம் வேண்டும். ஆகவே ஒலியளவைக் குறைத்ததும் முதலில் மறைவது தாழ்சுருதியே. 'லௌட்னெஸ்' என்ற பொத்தான் இதைச் சரிக்கட்டத்தான்.

உதவியும் உண்டு. பழைய தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளைக் கடத்துவதில்லை. ஆண்குரலின் அடிச்சுருதியோ 100 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கிறது. இருந்தும் தாத்தாவின் கனத்த குரல் கனமாகவே கேட்டது! 300, 400, 500 என்ற மேற்சுரங்களைக் கேட்டு, அவற்றின் அடியிலுள்ள 100-ஐ மூளையே நிரப்பிக்கொள்கிறது. சிறு பெட்டிகள் பலவற்றின் மின்சுற்றுகள் இந்தத் தந்திரத்தைப் பயன்படுத்துகின்றன. சுருதி தெரியும், ஆனால் நெஞ்சில் படும் அந்த மோதல் மட்டும் வராது.

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள்

இப்போது கடைக்குத் திரும்புவோம். 'ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ.' என்று பெட்டியில் எழுதியிருக்கும். இதற்குப் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் இல்லை. பெட்டியைத் திருப்பி, மின் இணைப்புக்கு அருகிலுள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். 'உள்ளீடு 5 வோல்ட், 2 ஆம்பியர்' என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 10 வாட். 10 வாட் வாங்கும் கருவி தொடர்ந்து 1,000 வாட் தருமா? ஆற்றல் அழிவின்மை விதி கடைத்தெருவுக்கும் பொருந்தும். மின்கலம் சிறிது ஆற்றலைச் சேமித்து ஒரு கணம் கூடுதலாகத் தரலாம். நாள் முழுவதும் நூறு மடங்கு தர முடியாது.

ஆகவே வாட்டைப் பார்ப்பதற்குமுன் கூம்பின் விட்டத்தைப் பாருங்கள். பெட்டியின் கன அளவைக் கணக்கிடுங்கள். எந்த அதிர்வெண் வரை, எத்தனை டெசிபெல் குறைவோடு தருகிறது என்று குறிப்புத்தாளில் தேடுங்கள். 'டெசிபெல்' இல்லாமல் '20 ஹெர்ட்ஸ் வரை' என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருள் இல்லை.

இறுதியாக ஒன்று. சுவர் தடுப்பதிலும் அதிர்வெண்ணுக்குப் பங்கு உண்டு. வேகமாக மாறும் அழுத்தத்துக்குக் கனமான சுவர் அசைவதில்லை. மெதுவாக மாறும் அழுத்தத்துக்குச் சற்று இணங்கி அசைகிறது. அதனால் பக்கத்து வீட்டுக்குப் பாட்டு கேட்காது. 'தொம் தொம்' மட்டும் கேட்கும். அங்கே ஒரு மாணவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். ஒரு முதியவர் உறங்க முயன்றுகொண்டிருக்கலாம். மூலையில் வைத்த பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகளை வைத்தால் தரைவழிச் செல்லும் அதிர்வு குறையும். மூலை தந்த இலவச ஒலியை, குமிழைத் திருகி உரக்க வைக்க அல்ல, குறைத்து வைத்தே நிறைவாகக் கேட்கப் பயன்படுத்துங்கள். அப்போது உங்கள் காதும் பிழைக்கும். அண்டை வீட்டாரின் நட்பும் நிலைக்கும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. வெளியில் 25 ஹெர்ட்ஸ் இயல்பதிர்வெண்ணும், 40 லிட்டர் காற்றுக்குச் சமமான விளிம்பு விறைப்பும் கொண்ட ஒலிபெருக்கியை 5 லிட்டர் மூடிய பெட்டியில் பொருத்தினால் இயல்பதிர்வெண் எவ்வளவாகும்?

2. ஒரு பெட்டி 10 வாட்டில் 60 ஹெர்ட்ஸ் வரை நன்றாக ஒலிக்கிறது. அதன் கன அளவைப் பாதியாக்கி, எல்லையை 30 ஹெர்ட்ஸுக்கும் இறக்கினால், அதே ஒலியளவுக்கு எத்தனை வாட் வேண்டும்?

3. 4.25 மீட்டர் நீளமுள்ள அறையில் நீளவாக்கில் எழும் முதல் நிலை அலையின் அதிர்வெண் என்ன?

விடைகள்: 1. விறைப்பு 9 மடங்கு. ஆகவே 75 ஹெர்ட்ஸ். 2. ஹாஃப்மன் விதிப்படி 2 × 8 = 16 மடங்கு; 160 வாட். 3. 40 ஹெர்ட்ஸ்.